கிழக்குச் சுவரில் ஒரு யன்னல்

2009ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. விடியத் தொடங்கிய தூறல் விடவில்லை, காற்று மேற்கிலிருந்து. ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன நேரத்தில் எங்கள் தம்பி, டென்மார்க்கில் கோல்டிங் நகருக்கு வெளியே தாம் குடியிருந்த வாயிற்காவலர் வீட்டின் கிழக்கு யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் பெற்றோருக்கு ஏழாவது பிள்ளையாகச் சாவகச்சேரியில் பிறந்தவர் தம்பி. எண்பத்தாறில் டென்மார்க் வந்தார். பதினொரு வருடம் மீன் தொழிற்சாலை. பிறகு ஒரு பெரும் பண்ணையில் தோட்ட வேலை. யாரையும் நோகப் பேசாதவர். 2002இல் தொடங்கிய சமாதான காலத்தில் ஊர் போய்க் கிளிநொச்சியில் மணம் முடித்தார். மனைவியையும் இரு மகள்மாரையும் இங்கே எடுப்பதற்குள் யுத்தம் திரும்ப மூண்டு பாதை பூட்டப்பட்டது.

வேலையோடு கிடைத்த வீடு அது. பண்ணை வாசலில், விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பாணியில், முதலாளியின் பூட்டனார் கட்டியது. நான் ஊரில் கட்டடப் படவரைஞனாக இருந்தவன். எண்ணாமல் இருக்க முடியாது. செங்குத்தான கூரை, அதன் விளிம்பில் பூவேலை செய்த பலகைகள், உயர்ந்த புகைக்கூடுகள் இரண்டு, தெருப்பக்கம் மூன்று புறமும் கண்ணாடியோடு முன்தள்ளிய ஒரு யன்னல்.

"அடுப்பு ஒண்டுதானே, புகைக்கூடு ஏன் ரெண்டு?" என்றேன்.

"மற்றது றோட்டாலை போறவைக்கு, அண்ணை."

வெளியே அத்தனை அலங்காரம். உள்ளே இரண்டே அறை. பண்ணைக்குள் இருந்த முதலாளியின் மாளிகையைப் பார்த்த கிழக்குச் சுவரில் ஒரு துவாரமும் இல்லை. வருகிற வண்டியைக் காவலாள் பார்க்க வேண்டும். எசமானின் தோட்டத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் பின்னறை பகலிலும் இருட்டு. அதைத்தான் தம்பி பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்.

அந்த வருடம் மாசியில், யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில் வன்னியிலிருந்து தம்பியின் மனைவி கதைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் கேட்டது.

"பங்கருக்குள்ளை இருந்து இருந்து, இருட்டெண்டாலே பிள்ளையள் கத்துதுகள். அங்கை அவையின்ரை அறையிலை யன்னல் இருக்கே?"

"ஓம், பெரிய யன்னல். விடிய வெயில் கட்டிலிலை விழும்."

தொடர்பு அறுந்ததும், "உதென்னடா கதை? அங்கை சுவரெல்லோ கிடக்கு," என்றேன்.

"அவை வரேக்கை யன்னலாய் இருக்கும், அண்ணை."

இரண்டு சனி, ஞாயிறில் சுவரை வெட்டி யன்னல் வைத்தார். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஆணிகூட அடிக்கக் கூடாதென்று நான் கத்தியது வீண். முதலாளி வந்து பார்த்தார். பிள்ளைகள் வரும்வரை இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

அதன்பின் அழைப்பு வரவில்லை. முகாம் முகாமாக ஆள் விட்டுத் தேடியும் மூவரும் கிடைக்கவில்லை. தம்பி வேலைக்குப் போனார், வந்தார், யன்னலைத் துடைத்தார். கட்டில்களின் விரிப்பை மாற்றினார். மார்கழியில் மாரடைப்பு.

பனிக்குள் தூரத்து ஹ்விடோவ்ரே நகரிலிருந்து வந்து பாடை சுமந்தவர்களுக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு எங்கள் வீட்டில் சமைத்த பெண்களுக்கும், இந்த ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதலாளிக்கும் நன்றி, தம்பி இருக்கும்வரை அவர் சொல் மாறவில்லை. வீட்டைப் பழையபடி ஆக்கும்படி பிறகு கேட்டபோது, அந்தப் பொறுப்பை நான் எடுத்தேன். பழைய அளவுச் செங்கல் தேடி, சுண்ணாம்புச் சாந்து வைத்து, நூற்றுப் பன்னிரண்டு கற்களில் யன்னல் அடைக்கப்பட்டது. அங்கே ஒன்று இருந்ததென்று இனி எவருக்கும் தெரியாது. கல், சாந்து, கூலி எல்லாமாக முப்பத்தெட்டாயிரத்து நானூறு குரோனர்.