என் மாமியாரின் கரும்பலகை

மாமியாரைப் பற்றி மருமகன் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், அவனுக்கு அங்கே ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியதில்லை. என் பிழைப்பு வேன் ஓட்டுவது. கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்குகிறேன். அவர் பிழைப்பு வேறு. ஆனால் அந்தப் பிழைப்பை அவர் தொடங்கிய விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு தையல் ஆலையில் அவர் மெக்கானிக்காக இருந்தார். தைப்பது அவர் வேலை இல்லை, தைக்கும் மிஷின்களைச் சரி பண்ணுவதுதான் வேலை. ஆலையை வேறு ஊருக்கு மாற்றியபோது கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டில் இருந்து என் மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன.

தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கும் கட்டில் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விலையைக் கேட்டதும் எனக்கும் என் மனைவிக்கும் வாய் அடைத்துப்போயிற்று. அப்போதுதான் அந்தச் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் என்று நோயாளிகளுக்கு வேண்டியதை இரவல் கொடுக்கும் ஒரு சின்னச் சங்கம். வாடகை கிடையாது. முடிந்தவர்கள் நன்கொடை கொடுக்கலாம். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர்தான் தலைவர். ஊருக்கே அவர் நர்ஸம்மா. கேட்ட அன்றே கட்டில் வந்து இறங்கியது, கூடவே ஒரு சக்கர நாற்காலியும்.

மாமனார் கடைசிவரை அந்தக் கட்டிலில்தான் இருந்தார். அந்த நாற்காலியில் உட்காரவைத்து அத்தை அவரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போவார். போகிற வழியெல்லாம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம்தான். அவர் போன பிறகு, இரண்டையும் திருப்பிக் கொடுக்க என் வேனில் ஏற்றினோம். ஏற்றும்போது பார்க்கிறேன், அத்தை கட்டிலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கிறீச்சென்ற சத்தமே இல்லாமல் பண்ணியிருந்தார். நர்ஸம்மா கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட இருந்து போனப்போ இது இவ்வளவு நல்லா இல்லையே," என்றார். பிறகு கேட்டார்: "வீட்ல தனியா இருந்து என்ன பண்ணப்போறீங்க? இங்க வாங்களேன்."

போனார். போனதும் பொருளாளர் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு யாரும் அதற்கு வரவில்லை என்பதுதான் காரணம்.

அதற்கு முன் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கணக்கைப் பார்த்து வந்தார். தங்கமான மனிதர், ஒரு காசு தொடமாட்டார். ஆனால் கணக்கு பாதி அவர் மனதில், பாதி சட்டைப்பையில். பணம் எங்கேயும் போகவில்லை. எங்கே இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? நர்ஸம்மா தன் சொந்தக் காசில் வீட்டுக்கு வெள்ளையடித்ததற்குக்கூட, சங்கத்துப் பணம் சுவரில் பளபளக்கிறது என்றார்கள். நன்கொடை சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டே வந்தது.

அத்தை ஒரு மாதம் முழுக்க ரசீதுகளைத் தேடிப் பிடித்துக் கணக்கை நேர் பண்ணினார். பிறகு, மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரிலிருந்து பழைய கரும்பலகை ஒன்றை வாங்கி, சங்கத்தின் தெருப்பக்கச் சுவரில் மாட்டச் சொன்னார். மாட்டியது நான்தான். அந்த மாதம் என்ன வந்தது, என்ன செலவானது, மிச்சம் எவ்வளவு என்று தெருவில் போகிறவன் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினார்.

மருந்துக்கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, நம்ம வீட்டு வரவு செலவை இப்படி வாசல்ல மாட்டுவமா?"

"மாட்ட மாட்டோம் அண்ணே. ஆனா இது நம்ம வீட்டுக் காசு இல்லையே."

"நாளைக்கு ஒருத்தன் வந்து டீக்கு ஏன் இவ்வளவுன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லுவோம். சொல்ல முடியலைன்னா டீயைக் குறைச்சுக்குவோம்."

டீயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எதிரே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? ஒருநாள் ஒருவர் சாலையைக் கடந்து உள்ளே வந்து, கூட்டல் தப்பு என்றார். பார்த்தால் நிஜமாகவே தப்பு. அத்தை அதைத் திருத்தி, கீழே "பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் கண்டுபிடித்துச் சொன்னார், நன்றி" என்று எழுதிவைத்தார். அதோடு பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் தப்புக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது. தப்புத் தேடிப் படித்தவர்கள் கணக்கு முழுவதையும் படித்துவிட்டார்கள். படித்தவர்களில் சிலர் பணமும் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கெட்ட செய்தி. விலை குறைவு என்று நம்பி அத்தையே வாங்கச் சொன்ன நாற்காலிகள் வந்த வேகத்தில் உடைய ஆரம்பித்தன. இதைப் பலகையில் போட வேண்டாம் என்று நர்ஸம்மா கெஞ்சிப் பார்த்தார். அத்தை போட்டார். "மலிவு என்று வாங்கிய நாற்காலிகள் உடைந்துவிட்டன. வாங்கலாம் என்று சொன்னது பொருளாளர்." எழுதிவிட்டு அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் வேலை பார்த்தார். ஊர் அதைப் படித்தது. நன்கொடை குறையவில்லை. பத்துக்காசு மறைக்காதவள் என்று பேர்தான் வந்தது. இப்போது நர்ஸம்மாவே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

உடைந்த நாற்காலிகளை அத்தையே சரி பண்ணினார். அப்போதுதான் அவர் கண்ணில் ஒன்று பட்டது. மாதா மாதம் பலகையில் தன் கையாலேயே எழுதும் செலவுகளில் பெரியது பழுது பார்க்கும் கூலி. இந்த ஊரில் அதற்கு ஆள் கிடையாது. ஒரு பிரேக் போனாலும் நாற்காலி பெரிய நகரத்துக்கு லாரி ஏற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்களுக்கு வேலை இல்லாத நாள்ல என்னைக் கொஞ்சம் வேன்ல கூட்டிட்டுப் போங்க. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எல்லாம் போகணும்."

"உடம்பு சரியில்லையா அத்தை?"

"எனக்கு ஒண்ணுமில்லை. அவங்க நாற்காலிக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

போனோம். ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். சக்கர நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரை ஏறிக் கிடந்தன. ஒன்றில் சக்கரம் கோணல், ஒன்றில் கால் வைக்கும் தட்டு இல்லை, ஒன்றில் சீட் கிழிந்து தொங்கியது. அத்தை கீழே கிடந்த ஒன்றை இழுத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது ஆடி ஆடி நின்றது.

"இதுல பாதி, ஒரு போல்ட்டு இல்லாம அழுதுட்டுக் கெடக்கு மாப்பிள்ளை," என்றார். வேனில் திரும்பி வரும்போது விரலை மடக்கிக்கொண்டே வந்தார். கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

நாற்காலி பழுது பார்க்க ஒரு கடை வைக்கிறேன் என்று அத்தை சொன்னபோது என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "ஏம்மா, இந்த வயசுல கடையா? உனக்குச் சும்மா இருக்கவே வராதா?"

"சும்மாதான் இருந்து பாத்தேனே. முட்டி வலிதான் மிச்சம்."

சங்கத்தில் விஷயம் தெரிந்ததும் நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வங்கியில் சங்கத்தின் வைப்புத்தொகை சும்மா கிடக்கிறது, அதையே கடனாக எடுத்துக்கொள்ளுங்கள், நம் நாற்காலிகளைக் குறைந்த கூலிக்குப் பாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் லாபம் என்றார். நிர்வாகிகள் எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். மருந்துக்கடைக்காரர்கூட.

அத்தை மட்டும் தலையாட்டவில்லை.

"கொடுக்கற காசுக்குக் கையெழுத்து போடறதும் நான், அதை வாங்கிக்கறதும் நானா? அது நல்லா இருக்காது நர்ஸம்மா."

"உங்களை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"அதனாலதான் பயமா இருக்கு. என் மேல இருக்கற நம்பிக்கையை நானே கடனா வாங்கற மாதிரி ஆயிடும்."

அடுத்த நாள் பலகையில், கணக்குக்குக் கீழே புதிதாகச் சில வரிகள் இருந்தன. பொருளாளர் சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை தொடங்கத் திட்டமிடுகிறார், ஆகவே பொறுப்பை விடுகிறார், வேறொருவர் வேண்டும். அதோடு விட்டாரா? கடைத் திட்டத்தையும் எழுதியிருந்தார். இடத்துக்கு வாடகை இவ்வளவு, கருவிக்கு இவ்வளவு, உதிரிப் பாகத்துக்கு இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு. கையிருப்புக்கும் தேவைக்கும் நடுவில் நல்ல தூரம் இருந்தது.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். "அத்தை, கடைத் திட்டத்தை யாராவது ஊரைக் கூட்டிச் சொல்லுவாங்களா? நாளைக்கே வேற ஒருத்தன் ஆரம்பிச்சிடுவான்."

"ஆரம்பிச்சா நாற்காலி ஓடும்ல. நான் வேற ஏதாவது பாத்துக்கறேன்." பிறகு அவரே சொன்னார்: "ஆனா கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும்."

மறுநாளே ஆள் வந்தார். கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். தகராறுக்கு வந்தவர் மாதிரி சங்கத்து வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, உங்க திட்டத்தைப் படிச்சேன். அதுல ரெண்டு தப்பு இருக்கு," என்றார்.

"கூட்டலா?"

"கூட்டல் இல்ல. தனியா இடம் எதுக்கு? என் கடையில பின்பக்கம் பாதி காலியாக் கெடக்கு. நீங்க போட்டிருக்கிற வாடகையில பாதி குடுங்க, போதும். அப்புறம், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கற ஸ்டாண்டு புதுசா வாங்கறதா எழுதியிருக்கீங்க. அது எங்கிட்ட இருக்கு. ஸ்டாண்டுக்கு நாள் பூரா தூக்கம்தான்."

அத்தை அவரை உட்காரச் சொன்னார். எதற்காக இப்படி வந்து உதவுகிறார் என்று நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். "சும்மா குடுக்கலைங்க, வாடகைக்குத்தானே குடுக்கறேன்," என்றார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்: "எங்கம்மா படுத்திருந்தப்போ கட்டில் இங்க இருந்துதான் வந்துது. அன்னைக்கு என்னால ஒண்ணும் குடுக்க முடியல."

வங்கி கொஞ்சம் கொடுத்தது. மீதிக்கு என்ன வழி என்று பேசிக்கொண்டிருந்தபோது, கடை வேண்டவே வேண்டாம் என்று நின்ற என் மனைவி உள்ளே போய்த் தன் சேமிப்பை எடுத்து வந்து அம்மா மடியில் வைத்தாள். "கடன்தான். திருப்பித் தரணும்," என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அத்தை அதற்கும் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். அதை என் மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

கடை திறந்தாயிற்று. சங்கத்துக்குப் புதுப் பொருளாளராக ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். சில்லறை விஷயத்தில் எமன். பழுது வேலைக்கு நகரத்துக் கடையிலும் விலை கேட்டார், அத்தையிடமும் கேட்டார். இத்தனை நாள் வாடிக்கை கைநழுவுகிறது என்றதும் நகரத்துக்காரன் விலையை இறக்கிவிட்டான். வேலை அங்கேயே போயிற்று. கண்டக்டர் அதை அப்படியே பலகையில் எழுதினார்: இரண்டு இடத்தில் கேட்டோம், குறைவான இடத்துக்குக் கொடுத்தோம்.

சரக்கு இறக்கப் போகும் வழியில் அதைப் படித்துவிட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே கடைக்கு வந்து சொன்னேன். அத்தை ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், அது சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அங்க இருந்திருந்தா நானும் இதையேதான் செஞ்சிருப்பேன்," என்றார். மறுபடி ஸ்பேனரை எடுக்கும்போது, "இருந்தாலும் வலிக்குது," என்றார்.

முதல் சில மாதங்கள் சிரமமாகத்தான் போயின. வாக்கருக்கு ரப்பர் மாட்டுவது, தள்ளுவண்டிச் சக்கரம் மாற்றுவது என்று கிடைத்ததைச் செய்தார். பிறகு அந்த ஆஸ்பத்திரி, பின்னறைக் குவியலில் இருந்து சில நாற்காலிகளை மட்டும் சோதனைக்குக் கொடுத்தது. அவை ஓடத் தொடங்கியதும் மீதியும் வந்தன. ஆலையில் அவரோடு வேலை பார்த்த இரண்டு பெண்களைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ஒருவர் சீட் தைப்பார், ஒருவர் வெல்டிங் பழகிக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்துவிட்டால் சைக்கிள் கடைக்காரர் வாய் திறக்க இடமில்லை. ஆனாலும் அவர் கடையை விட்டு நகருவதில்லை.

நகரத்துக்குப் போன நாற்காலிகள் வாரக்கணக்கில் திரும்பி வராமல், கேட்டு வந்தவர்களைச் சங்கம் வெறுங்கையோடு அனுப்ப வேண்டி வந்தபோது, கண்டக்டரே அத்தையின் கடைக்கு வந்தார். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் சீக்கிரம் கிடைக்கிறது என்று காரணத்தையும் பலகையில் எழுதினார். அத்தை அதைப் போய்ப் படித்துவிட்டு வந்து, "கூடுதல்னு போட்டுட்டாரே மனுஷன்," என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்.

கடையிலும் அவர் எதையும் மூடிவைப்பதில்லை. பாகம் என்ன விலைக்கு வாங்கியது, கூலி எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக எழுதுகிறார். அதனால் பேரம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை, எல்லோரும் கூலியில் மட்டும் கைவைக்கிறார்கள். என் மனைவியின் கடன் அடைந்துவிட்டது. வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதா மாதம் சங்கத்துக்கு நன்கொடை தருகிறார். தனக்கு வேலை தருகிற இடமாயிற்றே, நன்கொடை லஞ்சம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, அதையும் பேரோடு பலகையில் போடச் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் கடையைப் பூட்டும்போது கேட்டேன், "யாருக்கு அத்தை முதல்ல நன்றி சொல்லணும்?"

"யாருக்குன்னு சொல்றது. உங்க மாமாவுக்குக் கட்டில் குடுத்தாங்களே, அன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சு." பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "உங்க வேனுக்கும்தான். டீசல் காசைக்கூட வாங்க மாட்டேங்கறீங்க."

போன வாரம் ஒரு வீட்டுக்கு, அத்தை பழுது பார்த்த நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளம். மாதக்கணக்காகப் படுக்கையிலேயே இருந்த ஒரு பெண்மணியை, அவர் மகனும் நானும் தூக்கி உட்காரவைத்தோம். வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்ததும் நிறுத்தச் சொன்னார். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். "உள்ளே போகலாமா?" என்று மகன் கேட்டதும் அவர் பிரேக்கைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து அத்தையிடம் இதைச் சொன்னேன். ஒரு சக்கரத்தில் கண்ணை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரேக் சரியாப் பிடிக்குதா?"

"பிடிக்குது அத்தை."

"அப்ப நல்லது," என்று சொல்லிவிட்டு, அந்தச் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டார்.