அலிபாக்கில் அப்பாவின் கறுப்புக் கோட்டு

கடற்கரைக் கல்யாணத்துக்கு ஆண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் என்னைக் கேட்டீர்கள். மெல்லிய பருத்திச் சட்டை, வெளிர் நிறம், மணலில் நடக்க நல்ல செருப்பு. அவ்வளவுதான். கோட்டு மட்டும் கூடவே கூடாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பத்து வயதில் என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, மே மாத வெயிலில், மும்பையிலிருந்து படகேறிப் போகும் அலிபாக் கடற்கரையில், கறுப்புக் கோட்டோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அது என் அத்தையின் கல்யாணம். அப்பாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் அப்பாதான் வளர்த்துப் படிக்க வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் மும்பையிலேயே செம்பூர்க்காரர்கள், வசதியான தமிழர்கள். கல்யாணத்தைக் கடற்கரை விடுதி ஒன்றில் அவர்களே ஏற்பாடு செய்துவிட்டார்கள். எங்கள் வழக்கமோ வேறு. பெண்ணின் அண்ணன் பந்தியில் நின்று கவனித்து, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தன் இலையில் உட்காருவான். நாங்கள் குடியிருந்த தாராவியில் நான் பார்த்த கல்யாணமெல்லாம் அப்படித்தான்.

அப்பா போனில், "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வந்து உட்காருங்க, போதும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அதை அப்பா வீட்டில் மூன்று நான்கு தடவை சொல்லிவிட்டார். எவ்வளவு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகைக்குள் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு இருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததால் நான்தான் வாசித்துச் சொன்னேன்: ஆண்கள் வெளிர் நிறத்தில் பருத்தியோ லினனோ உடுத்தவும், கோட்டு வேண்டாம்.

தையல் பட்டறையில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, சிரித்துவிட்டார். "லினனா? உக்காந்து எந்திச்சா கசங்கிப் போவும் அத்தான். பொண்ணுக்கு அண்ணன் தூங்கி எந்திச்சவன் மாதிரி நின்னா நல்லாவா இருக்கும்?"

"சீட்டுல போட்டிருக்கே, மாப்ள."

"அது விருந்துக்கு வாரவங்களுக்கு. நீங்க வீட்டு ஆளுல்லா!"

வீட்டு ஆள் என்றதும் அப்பா சரி என்றுவிட்டார். நான்கே நாளில் கோட்டு தயார். உள்ளே கனமான லைனிங் வேறு.

கல்யாணத்தன்று காலை டிபன் நேரத்தில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் சந்தன நிறத்திலும் வெளிர் நீலத்திலும் கசங்கிய சட்டைகளோடு ஜாலியாக இருந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டிருந்தவர்கள் விடுதியில் பரிமாறுகிறவர்கள் மட்டுமே. அவர்கள் ஆறு பேர். அப்பாவோடு ஏழு.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "பையா, இதர் பானி!"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசையில் சட்னி கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா ஓடிவந்தார். "அத்தான், மொதல்ல அதக் கழட்டுங்க. ஒங்கள வெயிட்டர்னு நெனைக்கானுவ!"

அப்பா கழற்றி என்னிடம் கொடுத்தார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. அப்படியே போய்ச் சாம்பார் வாளியில் கை வைத்தார். விடுதிக்காரர் ஒருவர் அந்தக் கையைப் பணிவாக எடுத்துவிட்டு, "சார், ஆப் பைட்டியே" என்று நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பா எழுந்து வேறு பக்கம் போனார். அங்கேயும் உட்கார வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்தார். "கோட்டக் குடுல."

"வேண்டாம்ப்பா."

"குடுங்கேன்."

மாட்டிக்கொண்டு எல்லாப் பித்தானையும் போட்டார். நேரே போய் வாளியை எடுத்தார். அந்தச் சந்தடியில் கறுப்புக் கோட்டை யாரும் தடுக்கவில்லை. மேசை மேசையாக வியர்த்து வழிய நடந்தார். நான் ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

முகூர்த்தத்தின்போது, பொரியிடப் பெண்ணின் அண்ணனைக் கூப்பிட்டார் ஐயர். கறுப்புக் கோட்டு மேடையேறியது. அத்தையின் இரு கைகளிலும் அப்பா பொரியைப் போட்டார். அவர் கோட்டுக் கையில் இருந்த சாம்பார்க் கறையைப் பார்த்து அத்தை விசும்பி அழுதாள். வெட்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து எனக்கு அப்பாமேல் இன்னும் கோபம் வந்தது.

தண்ணீர் கேட்ட மீசைக்காரர் மாப்பிள்ளையின் பெரியப்பாவாம். சடங்கு முடிந்ததும் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கணும்."

"அத விடுங்க. ரெண்டாவது தோசை வேண்டாம்னுட்டீங்களே, வயித்துக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார் அப்பா.

திரும்பி வரும் படகில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மும்பைக் கரை வரும்வரை தனக்குத்தானே சிரித்தபடி இருந்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.