முழங்கால் உயரத்தில் ஒரு கொண்டி

கையில் ஒரு கொத்துக் கோழி இறகோடு வெல்டரம்மா எதிர்வீட்டு கேட்டின் முன்னால் போய் நின்றபோது, தெருவில் பாதிப் பேர் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார்கள்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க."

ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் வந்தார். நன்றாகக் குனிந்து, கொண்டியைத் தூக்கி, கேட்டைத் திறந்தார்.

"இதோட மூணாவது கோழி சார். உங்க நாய்க்கு என் கொல்லைப்புறம் என்ன ஓட்டலா?"

"என் நாய் வெளியவே போறதில்லம்மா. கேட் சாத்தியிருந்ததை நீயே பாத்தே. இப்பத்தானே திறக்கிறேன்."

அவர் நாய் அவள் காலடியில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் ஒரு இறகு.

"அப்ப இது யாரு? உங்க நாயோட அண்ணனா?"

"பால்காரன் திறந்து விட்டிருப்பான்."

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்னை ஏன் சார் இழுக்கறீங்க? நான் பாக்கெட்டை கேட்டுக்கு மேலயே தூக்கிப் போட்டுட்டுப் போறவன்."

போஸ்ட் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்கு ஆபீஸ் பாஷை வரும். "குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பது விதிமீறல். முனிசிபாலிட்டிக்கு மனு எழுதப் போறேன். திங்கட்கிழமை ஆள் வந்து அள்ளிட்டுப் போவாங்க. இல்லேன்னா ஒரு கூண்டு அடிச்சு உள்ள போட்டு வை. நீதான் ஊருக்கே கம்பி அடிக்கிறவளாச்சே."

"ஊருக்கு அடிப்பேன் சார். திரியற நாயை விட்டுட்டு, திருடாத கோழியை ஜெயில்ல போடச் சொல்றீங்க. அது என் கையால நடக்காது. மனுவை ரெண்டு பக்கமா எழுதுங்க. நானும் வந்து பேசறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். முதுகைப் பார்த்தாலே தெரியும், வீம்பு பிடித்த முதுகு.

அவள் அப்படித்தான். பட்டறை முதலில் அவள் புருஷனுடையது. மனுஷன் கண்ணாடி போடாமலே வெல்டிங் வைப்பார், கேட்டால் பழகிப்போச்சு என்பார். பழகவில்லை. நாற்பத்தைந்து வயதில் கண் மங்கி, அப்புறம் நிழல் மட்டும் தெரிந்து, கடைசியில் அதுவும் போய்விட்டது. பட்டறையை விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராடைக் கையில் எடுத்தாள். பொம்பளை வெல்டிங் வைக்கிறாளாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மேல் பொறி பறந்தது. தானாகப் பறந்ததா, அவள் பறக்க விட்டாளா என்பது இன்றுவரை தெரியாது.

பட்டறை அவள் கைக்குப் போனபின் அவருக்கு மிஞ்சியது கோழிகள்தான். பன்னிரண்டு இருந்தன, இப்போது ஒன்பது. கொக்கரிப்பை வைத்தே யார் எவள் என்று சொல்லுவார். அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கையை நீட்டினால் ஒவ்வொன்றாக வந்து கொத்தும். அதுதான் அவருக்கு வேலை, பேச்சுத்துணை, எல்லாம். அந்தக் கோழிகளை அள்ளிக்கொண்டு போனால் மனுஷன் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சுவரும் அவருக்குத் தெரியாது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார்.

"போஸ்ட் மாஸ்டர் பொய் சொல்லல. விடிகாலைல ஒரு சத்தம் வருது. டிங்னு ஒண்ணு. அப்புறம் டக்குனு ஒண்ணு. அப்புறம்தான் நாய் வருது. நடுவுல செருப்புச் சத்தமே இல்ல."

"அதுக்கு?"

"அந்த டிங் உன் கொண்டி. நம்ம பட்டறைக் கொண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"



மறுநாள் விடியும் முன்பே தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். நாய் சோம்பல் முறித்து எழுந்தது. கேட்டுக்கு வந்தது. மூக்கைக் கொண்டிக்கு அடியில் கொடுத்து ஒரு தூக்கு. டிங். தலையால் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தது. கேட் தன்பாட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாத்திக்கொள்ள, கொண்டி விழுந்தது. டக். ராணுவத்தில் இருந்த நாய் மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

வெல்டரம்மா ஒரு தகரத்தைத் தட்டி அதை விரட்டினாள். அப்புறம் அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் தனியாகச் செய்த முதல் கேட் அது. ஐந்தடி உயரம். தானாகச் சாத்திக்கொள்ளும், கொண்டியைச் சுண்டு விரலால் தூக்கலாம், அவ்வளவு வழவழப்பு. ஒரே ஒரு குறை. தரையில் படுக்கப் போட்டு வேலை செய்தபோது தலைமாடு கால்மாடு மாறிவிட்டது. மேலிருந்து ஒன்றரை அடியில் வைக்க வேண்டிய கொண்டியைக் கீழிருந்து ஒன்றரை அடியில் வைத்துவிட்டாள். மாட்டின அன்றைக்கே போஸ்ட் மாஸ்டர் கேட்டார், என்னம்மா முழங்காலுக்கு வந்திருக்கே என்று. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை இமைக்காமல் சொன்னாள்: "இதுதான் சார் புது மாடல். தினம் குனிஞ்சு திறந்தா இடுப்புக்கு நல்லது."

அவர் நம்பினார். ஏழு வருஷமாகக் குனிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது என்ன செய்வது? பேசாமல், ஒரு பூட்டுப் போடுங்க சார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளோடு மல்லுக்கு நிற்கும்போது அவர் பூட்டுவாரா? மனு எழுதுகிற கை பூட்டைத் தொடாது. தப்பை ஒத்துக்கொண்டாலோ, பொம்பளை செஞ்ச வேலை என்று பட்டறைப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான்.

கொல்லைப்புறத்தில் புருஷன் குரல் கேட்டது. "ஒன்பது இருக்கு. கறுப்பி அடை படுத்திருக்கா. அவளை இன்னைக்கு யாரும் கிளப்பாதீங்க." யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தால், மற்ற எட்டுக் கோழிகளிடம்.

பத்து மணிக்கு, தெரு நிறைய ஆள் நடமாடும் நேரம் பார்த்து, வெல்டரம்மா பட்டறையிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

"என்னம்மா இது?" என்றார் போஸ்ட் மாஸ்டர். கையில் மனு, பாதி எழுதியது.

"கொண்டியை மாத்தி வைக்கப் போறேன். உங்க நாய் மூக்காலயே தூக்கிட்டு வெளிய வருது. காலைல கண்ணால பாத்தேன். நீங்க சாத்தினது நிஜம், பால்காரரும் திறக்கல."

"கொண்டி எப்படி நாய்க்கு எட்டுது?"

"நான் தப்பா வெச்சதால எட்டுது. அளவை மாத்திப் போட்டுட்டேன். இடுப்புக்கு நல்லதுன்னு சொன்னது வாய்க்கு வந்த பொய்." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அடுத்த வீட்டு மாடியில் துணி காயப் போட்டவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

போஸ்ட் மாஸ்டர் கை தானாக இடுப்புக்குப் போனது. "ஏழு வருஷம்" என்றார் மெதுவாக.

"ஏழு வருஷம்தான். அதையும் மனுவில எழுதுங்க. வெல்டரம்மா கேட் சரியில்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லுங்க. அது என் தப்பு, நான் வாங்கிக்கிறேன். ஆனா கோழி எங்கயும் போகாது. கூண்டுக்குள்ளயும் போகாது. அது தப்பு பண்ணல. இப்ப தள்ளி நில்லுங்க, பொறி பறக்கும்."

அவர் தள்ளி நின்றார். நாயையும் பிடித்துக்கொண்டார்.

கிரைண்டர் கத்தியது. பழைய கொண்டி கீழே விழுந்தது. இந்த முறை கேட் நின்ற நிலையிலேயே, மேலிருந்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, இன்னொரு தரம் அளந்து வைத்தாள். வேடிக்கை பார்க்க எட்டுப் பேர் கூடினார்கள். அதில் ஒருவர், "பொம்பளை வேலைன்னா..." என்று ஆரம்பித்தார்.

"உன் மாடிப்படி கைப்பிடி யாரு செஞ்சது?" என்றாள் தலையைத் தூக்காமல். "ஆடுதா?"

"ஆடல" என்றார் அவர். அதோடு சரி.

மறுநாள் விடிகாலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டிங் வரவில்லை. கம்பியை நாய் மூக்கால் முட்டுகிற சத்தம் மட்டும் நாலைந்து தரம் வந்தது. அப்புறம் ஒரு முனகல்.

பால் பாக்கெட் விழுந்தபின் போஸ்ட் மாஸ்டர் வந்தார். பழக்கதோஷத்தில் நன்றாகக் குனிந்து, கொண்டி இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வெல்டரம்மா குரல் கொடுத்தாள்.

"போதும் சார் குனிஞ்சது. நிமிர்ந்து திறங்க."