பெயர் சொன்னால்தான் ஊசி

ஆடி பதினேழு, காலை ஆறு நாற்பது, மழையில்லாத வெறும் காற்று. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கல் வலியில் சுருண்டு கிடந்தேன். நர்ஸ் வலி ஊசியோடு வந்து, "பேரு சொல்லுங்க ஐயா" என்றார்.

முந்தைய நாளிலிருந்து இது நான்காவது முறை. "உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். ஐம்பத்தோரு வருடமாக என் பெயரைச் சொல்லாதவள், "செட்டிகுளத்து மலையில இருக்காரே, அந்தச் சாமி பேருதான்" என்றாள்.

"அவருக்கு ஏகப்பட்ட பேருங்கம்மா. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் அவரு பேருதான். தாத்தாவுக்கு இந்த ஊசி ஒத்துக்காது."

"நேத்துலேருந்து பாக்குறியே, அப்புறம் என்ன?"

"தெரிஞ்ச முகம்னு போடுறப்பதாங்க மாறிப்போகும். ஐயா வாயால வரட்டும், போட்டுடுறேன்."

ஊசியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. அவசரம் என் வலிக்குத்தான். என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். கையிலிருந்த சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போட்டார்.

பக்கத்துக் கட்டில்காரர் கேட்காமலே தன் பெயரைச் சொல்லிவைத்தார்.

மறுநாள் பில்லிலும் என் பெயர் சரியாக இருந்தது. அந்த ஊசிக்கு நாற்பத்திரண்டு ரூபாய்.