திங்கட்கிழமை இரண்டரை மணி

என் மாமா வயிற்றுவலி வந்து கப்பலேறிய கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அப்போது போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் எங்கள் சந்தில் யாருமே இல்லை. எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு ஒரே அண்ணனான அவர், தெற்கே நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிற வேலையில் இருந்தார். அந்த வருடம் தீவுகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியில் கச்சால் அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆட்டம் போர்ட் பிளேரில். செய்தி போன அன்றே கப்பல் டிக்கெட் தீர்ந்துபோய், வரிசையில் நின்ற மாமாவின் முறை வந்தபோது கவுண்டர் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாளே அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. நோயாளிகளுக்கென்று கப்பலில் எப்போதும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லித் தீவு டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார், டாக்டர் அமுக்கிப் பார்த்தார், மாமா கத்தினார், சீட்டு கிடைத்தது. ஏணிப்படி ஏறும்வரை கூனிக் குறுகி நடந்தவர், கப்பல் நகர்ந்ததும் நிமிர்ந்துவிட்டாராம். இதையெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவரே நடித்துக் காட்டினார். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா மட்டும் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது. இல்லாத வயிற்றுவலிக்கு அந்த டாக்டர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

வந்ததுதான் வந்தாய், ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போ என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். தம்பி கைக்குழந்தை, அவளால் கிளம்ப முடியாது. அப்பாவுக்கு டூட்டி. எனக்கு ஹிந்தியும் இங்கிலீஷும் தெரியும் என்பதால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்து என்னைத் துணைக்கு அனுப்பினாள். அதிலேயே எனக்கு அந்த வயிற்றுவலியின் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டுவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை இரண்டு மணி, வெறும் வயிற்றோடு வர வேண்டும், தவறவிட்டால் அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்துத்தான் என்று நான் படித்துச் சொன்னேன். மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சனிக்கிழமை மேட்ச், திங்கட்கிழமை ஸ்கேன், செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி எல்லாம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. பதினொரு மணிக்கே மைதானம் குளமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் கேலரியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கோப்பை கொடுக்க மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய பெரிய மனிதரின் விமானமும் வரவில்லை. போட்டியை நடத்தும் குழுவினர் கேலரிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து வேறு தேதி பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் தீவுகளில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக இருந்தாலும் பஞ்சாங்கத்துக்கு முன்னால் கப்பல் எப்போது என்றுதான் கேட்பார்கள். குழுவினரோ விமானம் எப்போது என்று பார்த்தார்கள். பெரிய மனிதர் செவ்வாய்க்கிழமை மாலைதான் வந்து இறங்குவாராம், ஆகவே ஆட்டம் புதன்கிழமை என்றார்கள்.

கச்சாலிலிருந்து வந்திருந்த நாற்பது பேருக்கும் முகம் செத்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. வீட்டையும் வேலையையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, ஒன்றரை நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த ஜனங்கள். அணியின் பையன்களை மட்டும் தங்கவைத்துக்கொள்கிறோம், மற்றவர்கள் கிளம்பலாம் என்று குழுவினர் சொன்னபோது மாமா எழுந்து மேசைக்குப் போனார். குடை பிடித்துக்கொண்டு நானும் போனேன். மாமாவின் ஹிந்தி கேட்கிறவர்களைக் கொஞ்சம் சோதிக்கும். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

“சாப், ஹம் லோக் நஹீ ரஹேகா தோ பச்சா லோக் கைசா கேலேகா?” என்றார். நாங்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்று கேட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், போர்ட் பிளேர் அணிக்குக் கத்த வந்திருந்தவர்களும் இறங்கி வந்து மாமாவின் பக்கம் நின்றார்கள். எதிர்க் கேலரியில் ஆளே இல்லாமல் யாரை வெறுப்பேற்றுவது என்பது அவர்களுடைய கவலை. அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தரை காயாது. சாயந்திரம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுவதால் நேரத்தையும் தள்ளிவைக்க முடியாது. கடைசியில் குழுவின் செயலாளர் பேனாவை எடுத்துக்கொண்டு, பெரிய மனிதர் இல்லாமலேயே நடத்திவிடலாம், திங்கட்கிழமை இரண்டரை மணிக்குச் சம்மதமா என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

மாமாவின் கை சட்டைப்பையைத் தொட்டது. நான் எக்கி அவர் காதில், “மாமா, அன்னிக்குத்தான் ஸ்கேன்” என்றேன்.

“வலியே இல்லாத வயித்துக்கு என்னாத்துக்கு பாப்பா ஸ்கேனு” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு செயலாளரிடம் திரும்பி, “சலேகா சாப்” என்று சம்மதம் சொன்னார். பின்னால் நாற்பது பேரும் விசில் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். மாமா சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துபோனார். நான் கை கழுவப் போனபோது, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், கண்ணை மூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. யாரும் பார்க்காத இடத்திலும் விடாமல் பழகுகிறாரே, என்ன திறமை என்று நான் மலைத்துப்போனேன்.

மேட்ச் மூன்றரைக்குத்தான், ஸ்கேனை முடித்துவிட்டுப் போவோம் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை அவள் அண்ணனுக்குப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. ஸ்கேன் முடிந்ததும் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தாள். ஆட்டோவில் போனோம். ஒரு முக்கில் சாலை பிரியும். மேட்டில் ஏறினால் ஆஸ்பத்திரி, இறங்கினால் மைதானம். இறக்கத்திலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. கச்சால்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். யார் அடிக்கிறார்களோ, தாளம் தப்பித் தப்பி விழுந்தது. மாமா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்து, அவரால் படிக்க முடியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் பக்கம் போவோம், பாப்பா?” என்று கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் மேட்டைக் காட்டியிருந்தால் அவர் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

“கிரவுண்டுக்கு” என்றேன்.

அந்த ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் மாமா தப்பை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டதும் எங்கள் கேலரிக்கே உயிர் வந்தது. நிக்கோபாரிப் பையன்களும் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பையன்களுமாகக் கலந்த அணி அது. கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒல்லியாக இருந்த ஒரு நிக்கோபாரிப் பையன் தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளினான். அந்த ஒரு கோல்தான். நாற்பது பேரும் மைதானத்துக்குள் ஓடினோம். மாமா என்னைத் தோளில் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார், முடியாமல் பாதியிலேயே இறக்கிவிட்டார். இட்லிப் பொட்டலத்தைக் கோல்கீப்பருக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்கு ஒத்திகை நடந்தது. நாங்கள் எதிர்பார்த்தபடியே அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள். அண்ணன் மழுப்புவார், பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பியிருக்கிறாள்.

“ஒண்ணுமே இல்லையாம்மா. வெறும் கேஸ்தானாம். மாத்திரைகூட வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றேன். மாத்திரை வரி நானாகச் சேர்த்தது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். திரும்பியபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலையில் கப்பல் கிளம்பும்போது கோப்பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நாற்பது பேரும் பாடினார்கள். மாமாவும் அவர்களோடு நின்று கையாட்டினார்.

அடுத்து வந்த மே மாதத்தில் மறுபடியும் நோயாளிக்கு ஒதுக்கிய இடத்தில்தான் மாமா வந்தார். இந்தத் தடவை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அதே டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, அப்போது எழுதிக் கொடுத்த ஸ்கேன் எங்கே என்று கேட்டார். அதெல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்று அம்மா அடித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“புள்ளையக் கேக்காத தங்கச்சி” என்று கட்டிலிலிருந்து மாமா சொன்னார். மூச்சு வாங்கியதால் நிறுத்தி நிறுத்திப் பேசினார். “நான் போகவே இல்ல. புள்ளைய வாசல்ல நிக்க வச்சிட்டு, உள்ள போற மாதிரி போயி வந்தேன். ஒண்ணும் இல்லேன்னு நான்தான் சொன்னேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். “பச்சைப் புள்ளையையும் ஏமாத்திட்டியே அண்ணே” என்று சொல்லி அழுதாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அம்மா இன்றைக்கும் அவர் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் எனக்கு இருந்ததெல்லாம், நல்லவேளை, அடி வாங்காமல் தப்பித்தோம் என்கிற நிம்மதி மட்டும்தான்.