மெஷின் சரியில்லம்மா

சரவணப் பொய்கைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் அதிகம் இருந்த வீடு ஒரு சமையல்காரர் வீடு. ஸ்கந்தகுமார் என்று பெயர். மலைக்கோயில் மடப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் கிண்டுகிறவர். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் அதே அடுப்பில் வெந்தவர்கள்தான். கரண்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலால் அவர் கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவதைப் பார்த்தால், அரிசியில் கல் பொறுக்குவது போல இருக்கும்.

நான் அடுத்த தெரு ராஜவேலு. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். நைனா தேசப்பன் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறேன். இதற்குப் பெயர் வேலை என்று நானும், வெட்டி என்று நைனாவும் சொல்லிக்கொள்கிறோம்.

சாமி என்று நாங்கள் கூப்பிடும் அவர் வாங்கியது எல்லாமே பழசு. ஊரில் பிரவுசிங் சென்டர் வந்து, பையன்கள் எல்லாம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து சினிமாப் படம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் காயிலாங்கடையில் இரும்போடு இரும்பாகக் கிடந்த கம்ப்யூட்டர்களை நைனாவின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். முன்னறை முழுக்க அதுதான். ஆட்டுக்கல் கனத்தில் டப்பாக்கள், பச்சை எழுத்து வரும் டிவி, ஆரஞ்சு எழுத்து வரும் டிவி, தகரக் கூரையில் மழை பெய்வது போலச் சத்தம் போடும் பிரிண்டர். எல்லாவற்றுக்கும் அவருடைய அம்மா அபிராமசுந்தரி மாமி தன் பழைய புடவையைக் கிழித்து உறை தைத்துப் போட்டிருந்தார். தெருவில் இருந்து எட்டிப் பார்த்தால், யாரோ மாமிகள் வரிசையாக முட்டிபோட்டுக் குனிந்திருப்பது போலத் தெரியும்.

இப்படி ஒரு வீடு இருக்கும்போது நான் சும்மா இருக்க முடியுமா? ஒரு ஆடிக் கிருத்திகை அன்று, காவடிக் கூட்டம் தெருவெல்லாம் நெரியும் நேரத்தில், 'இங்கு கம்ப்யூட்டர் ஜாதகம் பார்க்கப்படும்' என்று அட்டையில் எழுதி அவர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மொட்டைத் தலைகளின் வரிசை தெருமுனை வரை போனது. மலையில் இருந்து வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்த சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார், கும்பிட்டார், அனுப்பிப் பார்த்தார். ஒரு பெரியவர் மட்டும் நகரவே இல்லை. கடைசியில் சாமி பிரிண்டரைப் போட்டு ஒரு காகிதம் நிறைய நட்சத்திரக் குறியாக அடித்துக் கொடுத்தார். பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நம்ம நச்சத்திரம் நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிக்கொண்டே போனார்.

சாமி என் பக்கம் திரும்பினார். ஒரு அறை நிச்சயம் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

“ஏன்டா வேலு, இவ்ளோ பேரை ஒரு அட்டையில கூட்டிட்டியே. உள்ள வா. அந்த டிவியைப் பிடி, தூக்க ஆள் இல்லாம உக்காந்திருக்கேன்.”

அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். கிண்டல் செய்யப் போன இடத்தில் பாரம் தூக்க வைத்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அதில் ஒரு ருசி இருந்தது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுப்பார். ஒவ்வொரு பட்டனாகக் கழற்றிச் சீயக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து முறத்தில் காயவைப்பார். கறிவடாமோ என்று காக்கா வந்து பார்த்துவிட்டுப் போகும். “இந்தச் சத்தத்தைக் கேளுடா” என்று ஒரு பட்டனை அழுத்திக் காட்டுவார். எனக்கு எல்லாம் ஒரே டக்குதான். அவருக்கு மட்டும் ஒவ்வொன்றும் வேறு வேறு டக்கு.

“இத்தினி வாங்கிகினு வரீங்களே சாமி, இத்தெல்லாம் ஓடி இன்னாத்துக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எல்லாம் ஓட வேண்டாம்டா. ஒண்ணு ஓடினாப் போறும்.”

அப்போதுதான் பத்மப்ரியாவைப் பற்றிச் சொன்னார்.

பத்மப்ரியா அவருடைய தங்கை. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் முதலில் வந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிற வேலை பார்த்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். மாமி தினமும் வாசலில் போடும் கோலம் ஒன்று உண்டு. நடுவில் தொடங்கி எட்டுப் பக்கமும் வளைந்து, கோடு எங்கே ஆரம்பித்ததோ அங்கேயே வந்து முடியும். அந்தக் கோலத்தைப் பத்மப்ரியா கம்ப்யூட்டருக்குள் எழுதிவிட்டார். முதலில் ஒவ்வொரு புள்ளியாக வரும், பிறகு புள்ளிகளைச் சுற்றி வளைவு வரும், முடிந்ததும் ஒரு 'கீங்'. அதை ஒரு பிளாப்பியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். இப்போது வந்த குட்டிப் பிளாப்பி இல்லை. அப்பளம் சைஸில், கறுப்பாக, சதுரமாக, வளைத்தால் வளைகிற பழைய பிளாப்பி.

“நீ போடற கோலத்தை மெஷின் போடறதும்மா, வெள்ளிக்கிழமை சென்டருக்கு வந்து பாரேன்” என்று கூப்பிட்டிருக்கிறார்.

“வெள்ளிக்கிழமை வீட்டுல தலைக்கு மேல வேலை இருக்குடி. இன்னொரு நாள் வரேன்” என்று மாமி சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் பரீட்சை ஒன்று எழுத மெட்ராஸுக்கு அவர் ஏறிப் போன பஸ், கனகம்மாசத்திரம் தாண்டி லாரியில் மோதியது. பத்மப்ரியா திரும்பி வரவில்லை. பிளாப்பி வீட்டில் இருந்தது.

கொஞ்ச காலத்தில் சென்டரை மூடிவிட்டார்கள். மெஷின்கள் எங்கே போயினவோ. மாமி அந்தப் பிளாப்பியை அதன் காகித உறையோடு பூஜை அலமாரியில், முருகர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மெட்ராஸில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனால் யாராவது போட்டுக் காட்டிவிடுவார்கள் என்று சாமி சொன்னதற்கு, மாமி ஒரே பேச்சாக முடித்துவிட்டார்: “அவ இனிமே இந்த வீட்டைத் தாண்டி எங்கேயும் போக வேண்டாம். மெஷினை இங்கே கொண்டு வா.”

அதனால்தான் மெஷின்கள் வந்தன.

முதல் தடவை டிவியை மட்டும் வாங்கி வந்து, இதுதான் கம்ப்யூட்டர் என்று நினைத்து ஸ்விட்ச் போட்டுக் காத்திருந்தாராம். அடுத்ததில் பிளாப்பி போடுகிற வாய் சின்னதாக இருந்தது. அதற்கடுத்ததில் வாய் சரி, உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒன்றில் ரப்பர் வார் அறுந்திருந்தது. ஒன்று எல்லாம் சரியாக இருந்து, ஸ்விட்ச் போட்டதும் புகை விட்டது. ஒவ்வொன்றாகப் பழகிப் பழகி அவருக்கே அதன் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம். கனகம்மாசத்திரத்திலும் ஒரு காயிலாங்கடை உண்டு. நல்ல சரக்கு வருகிற கடை. சாமி அங்கே ஒருநாளும் இறங்கியதில்லை. ஆட்டோ அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்து, மடியில் இருக்கும் ஏதாவது ஒயரை எடுத்து முடிச்சு அவிழ்ப்பார். அது முடிச்சே விழாத ஒயராக இருக்கும். நைனா கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக விடுவார்.

போன வருஷம், 2006 மார்கழியில், திருவாலங்காட்டுக் காயிலாங்கடையில் இருந்து ஆறுமுகம் ஆள் அனுப்பினார். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய மெஷின். போய்ப் பார்த்தோம். உறை பிரிக்காத பிளாப்பிகளோடு ஓர் அலமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

“இன்னா சாமி, பொண்ணு பாக்க வந்தவரு மாரி சுத்திச் சுத்தி வரீங்கோ?” என்றார் ஆறுமுகம். “எடை போட்டு எடுத்துகினு போங்க.”

“பொண்ணு பாட்டு பாடுமான்னு பாக்கணும்ல” என்று நான் சொன்னேன். கடையில் இருந்த கரண்டில் சொருகினோம். பாடியது. ஆரஞ்சு எழுத்து வந்தது. கூட இருந்த பிளாப்பியைப் போட்டால் கர்ர் கர்ர் என்று படித்து வரிசையாகப் பெயர்களைக் காட்டியது. சாமி வேட்டி நுனியால் அந்த மெஷினின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வரும் வழியெல்லாம் நைனா பள்ளம் பார்த்துப் பார்த்துப் பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போவது போல ஓட்டினார்.

வெள்ளிக்கிழமைதான் பார்க்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். அன்று மதியம் மடப்பள்ளி முறை முடிந்து சாமி இறங்கி வந்தார். மாமி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, மெஷினுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சென்டருக்கு வந்துவிட்டது போல, வெளியே போகிற செருப்பை மாட்டி, வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்திருந்தார். சொந்த வீட்டில்.

மாமியே அலமாரியில் இருந்து பிளாப்பியை எடுத்து, உறையை நீக்கி, தலைப்பால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார். சாமி வாங்கி, மெஷினின் வாயில் விட்டு, அதன் சின்னக் கதவை மூடினார்.

கர்ர்.

கர்ர். கர்ர். கர்ர்.

படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. மறுபடி. அதே வரி. மூன்றாவது தடவை சத்தம், மண் மேல் இரும்புத் தகட்டை இழுத்தது போல இருந்தது. சாமி பிளாப்பியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பிளாப்பியில் நீள்வட்டமாக ஓர் இடத்தில் மட்டும் கறுப்பு மேலுறை திறந்திருக்கும். உள்ளே சுற்றுகிற தகடு தெரியும். அந்த வழியாகத்தான் மெஷின் படிக்கும், விரலே படக்கூடாது என்று சாமி எனக்குத் தலையில் குட்டிச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் வட்டமாக மஞ்சள் படிந்திருந்தது. அதன் நடுவில் லேசாகச் சிவப்பு. சுற்றிலும் தேய்த்துத் தேய்த்து விழுந்த கீறல்.

“அம்மா,” என்றார் சாமி. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். “இதுல சந்தனம் வெச்சியா?”

“வெக்காம இருப்பேனா? வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஈரத்துணியால துடைச்சு வெச்சிண்டுதானே இருக்கேன். நீதான் அன்னிக்கெல்லாம் மலையிலேயே இருக்கே. நீ கொண்டு வர மலைச் சந்தனம்தான்டா. காய்ச்சலுக்கே கரைச்சுக் குடிக்கறோம், இதுக்கு வெச்சா நல்லதுதானே. நெத்தி மாதிரி ஒரு எடம் விட்டிருக்கே, சரியா அங்கதான் வெச்சேன். அவ புஸ்தகமாச்சே.” மாமி நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார். “ஏன்டா, தப்போ?”

சாமி பிளாப்பியை உறைக்குள் போட்டார். மெதுவாகத்தான் போட்டார்.

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. மெஷின் சரியில்லம்மா.”

“இதுவுமா?”

“இதுவும்தான்.”

“அந்த ஆறுமுகம் ஏமாத்திட்டானா?”

“ஆறுமுகம் என்ன பண்ணுவான், பழசுதானே. வேற பாக்கலாம்.”

அந்தப் பொய் கொஞ்ச நேரத்தில் உண்மையும் ஆகிவிட்டது. மாமி காபி போட உள்ளே போனதும், கடையில் ஓடிய பிளாப்பியைப் போட்டுப் பார்த்தோம். அதுவும் படிக்கவில்லை. படிக்கிற முனையில் சந்தனம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எனக்குப் பொய்யில் அனுபவம் உண்டு. வாசலுக்கு வந்ததும் சொன்னேன், “சாமி, நீங்களே ஒரு கோலம் எழுதி ஓட வுட்ருங்க. மாமிக்கு இன்னா தெரியப்போவுது?”

“எங்கம்மாவுக்கு அந்தக் கோலம் தெரியும்டா. ஒரு வளைவு மாறினாக் கண்டுபிடிச்சுடுவா. அவ பாக்க நெனைக்கறது கோலத்தை இல்ல, பத்மா அதை எப்படிப் போட்டான்னுதான். அதை நான் எங்க போய் எழுதுவேன்?” உள்ளே ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “யார்கிட்டேயும் மூச்சு விடாதே.”

நான் மூச்சு விடவில்லை. ஊர் விட்டது. ஐயருக்கு மண்டை கழன்றுவிட்டது, ஓடாத கம்ப்யூட்டரை வாங்கி அடுக்குகிறார் என்றது. முன்பு ஒன்று ஓடினால் போதும் என்று வாங்கியவர், இப்போது ஒன்றும் ஓடிவிடக்கூடாது என்று வாங்கினார். கடையில் ஓடுகிற மெஷினாக இருந்தால் வைத்துவிட்டு, புகை விடுகிறதை எடுத்து வருவார். மாமி ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கையாக ஓர் உறை தைத்தார்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் சாமி மலையில் முறை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். நானும் போயிருந்தேன், சுண்டலுக்காக. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்துவிட்டு, மாமி பிளாப்பியை உறையில் இருந்து எடுத்து ஈரத்துணியால் துடைத்தார். நான் சாமியைப் பார்த்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, இன்னும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அம்மாவிடம் நீட்டினார்.

மாமி அதே இடத்தில் வைத்தார். குங்குமமும் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“வேலு, நாளைக்கு விஜயதசமி. நல்ல நாள். உங்கப்பா வண்டி வருமோன்னோ? குமார் எங்கேயோ மெஷின் இருக்குன்னான். நீ போய்ப் பாத்தியே, எப்படிடா இருக்கு?”

நான் போய்ப் பார்த்திருந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் டப்பா.

“சூப்பரா கீது மாமி,” என்றேன். “இந்த தபா ஓடிடும்.”