பெரட்டுக்குப் போன செல்லப் பெயர்

ஊரில் இருந்தவரை என் பெயரை யாரும் உரக்கக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒருவன் இன்னொருவனை மாப்ள என்பான், அண்ணே என்பான், பங்காளி என்பான். கோபம் வந்தால் அப்பன் பாட்டனை இழுத்து வைவான். அத்தோடு சரி. இங்கே மலாயாவில், ரப்பர்த் தோட்டத்தில், விடிவதற்கு முன்பே எல்லாரையும் வரிசையில் நிறுத்திவைத்துக் கிராணி என்கிற கணக்குப்பிள்ளை ஒருவன் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் பெயராகக் கத்துகிறான். அதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று கையைத் தூக்க வேண்டும். தூக்காதவன் அன்றைக்கு உயிரோடு இல்லாதவன் மாதிரி. எங்கள் ஊரில் மாட்டைக்கூட யாரும் இப்படி வரிசைகட்டிக் கூப்பிட்டதில்லை. மாடு என்றாலும் அதனதன் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு.

அந்தப் பெரட்டில் மூன்று வருஷம் நான் 'ராசா'. அது என் பெயரே அல்ல. என் பெயர் அழகர்சாமி, என் அப்பாவைப் பெற்றவரின் பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்தவன் எவனோ, அவன் பிள்ளை பெற்றவனாக இருக்க முடியாது. என் ஆத்தா என்ன செய்வாள்? பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வழியில்லை. அழகர்கோவிலைக்கூட 'மலையடிக் கோயில்' என்றுதான் சொல்வாள். சித்திரையில் அழகரைப் பார்க்க ஊரே வைகைக்கு ஓடும்போது இவள் மட்டும் 'சாமி பாக்கப் போறேன்' என்பாள். அப்படிப்பட்டவள் எனக்கென்று வைத்துக்கொண்ட சொல் ராசா. அதையும் எல்லார் முன்னாலும் சொல்லமாட்டாள். வெளியாள் இருந்தால் 'ஏப்பா' என்பாள். கஞ்சி ஊற்றும்போதும், காய்ச்சலில் தலையைத் தடவும்போதும்தான் ராசா வரும்.

அப்பா செத்த வருஷம் கண்மாயும் வறண்டது. ஒரு கங்காணியின் பேச்சை நம்பி நானும் ஆத்தாவும் கப்பல் ஏறினோம். எனக்கு அப்போது பதினேழு வயது. எங்களை ஏற்றிவிட்ட கங்காணி அடுத்த கப்பலுக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டான். கரை இறங்கியதும் எல்லாரையும் அடைத்துவைத்த முகாமில் நான் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். பெயர் எழுத வந்தவன் ஆத்தாவிடம், மகன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறான். ஊராக இருந்தால் பக்கத்தில் நிற்கும் ஒருத்தி அவளுக்காக எடுத்துச் சொல்லிவிடுவாள். எங்கள் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்கிற உபகாரம் அது. அங்கே எங்களைத் தெரிந்த ஈ காக்கை இல்லை. அவன் அதட்ட அதட்ட, இவள் பயந்துபோய் 'எங்க ராசாய்யா' என்றிருக்கிறாள். அதையே எழுதிக்கொண்டு போய்விட்டான். தோட்டத்துப் புத்தகத்திலும் அதுவே ஏறியது. அப்பா பெயருக்கு எதிரே ஒரு கோடு. புருஷன் பெயரையும் அவள் சொல்லவில்லையே.

முதல் நாள் பெரட்டிலேயே கிராணிக்குக் கொண்டாட்டம். ராசா வந்தாச்சா, பல்லக்கு எங்கே என்று கேட்டு வரிசையைச் சிரிக்கவைத்தான். ஒரு நிமிஷம் பிந்தினால் என்னைப் பெற்றவளைச் சேர்த்து ஒரு வசவு, அதன் வாலில் ராசா. தோட்டத்துக்கு வெளியே கடை வைத்திருந்த மலாய்க்காரர் ஒருநாள் பெயர் கேட்டார். சொன்னேன். அவர் பாஷையிலும் அதற்கு அதே அர்த்தம். தங்கள் சுல்தான் வீட்டாரை நான் கேலி செய்வதாக எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு என்ன தெரியும்? கிராணி தமிழன். அவனுக்கும் ஒருத்தி ராசா ராசா என்று கொஞ்சித்தானே சோறு ஊட்டியிருப்பாள்!

ஆத்தாவும் அதே பெரட்டில் பெண்கள் வரிசையில் நிற்பவள். ஆறு மாதம் போயிருக்கும், அவள் என்னை ராசா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு உறைத்தது. ஏன் என்று கேட்டேன்.

"அந்தாளு எச்சி துப்புன வார்த்தப்பா அது. அத எப்படி எம்புள்ளைக்குச் சொல்லுவேன்?"

அதற்குப்பின் எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் தலையைத் தடவினாள். ஒன்றும் சொல்லாமல் தடவினாள். கூலியைப் பிடித்தால் சண்டை போடலாம். பெற்றவள் கூப்பிடுகிற பெயரைப் பிடுங்கிக்கொண்டால் எவன் சட்டையைப் பிடிப்பது? இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுத்தேன். பிறகு தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடமே போனேன்.

புத்தகத்தில் என் சொந்தப் பெயரை எழுதுங்கள் என்றேன். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னான். பெற்றவள் வந்து சொல்லட்டும் என்றார் துரை. ஆத்தாவைக் கூட்டிப் போனேன். உன் மகன் பெயர் என்ன என்று கேட்டார்கள். தலையைக் குனிந்து நின்றாள். மறுபடியும் கேட்டார்கள். துரை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். ஊரில் திருடிவிட்டு ஓடிவந்தவனா இவன், இந்தப் பொம்பளை இவனைப் பெற்றவள்தானா என்று துரை கேட்பதாகக் கிராணி சிரித்துக்கொண்டே சொன்னான். மரியாதைக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்குக் கிடைத்த பட்டம் அது! வா ஆத்தா, போவோம் என்று கையைப் பிடித்தேன். அவள் நகரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடினாள். எங்கள் ஊர் இருக்கும் திசை என்று அவள் நினைத்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"அழகர்சாமி," என்றாள். "எம் மாமனாரு பேரு. எம் மகன் பேரும் அதான்."

கிராணி சிரிப்பை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். தன் எதிரே என்ன நடந்தது என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீடுகள் இருக்கிற லயத்துக்குத் திரும்பும் வழியில், ஓடையில் இறங்கி ஆத்தா மூன்று தரம் வாய் கொப்பளித்தாள். அன்று மத்தியானம் கஞ்சிப் பானையைத் திறந்தபடியே, 'ராசா, சாப்பிட வாய்யா' என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதோடு தொலைந்தது என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாள் பெரட்டில் கிராணி அதே வாயால், 'டேய் அழகர்சாமி' என்று கத்தினான். பிந்திய நாளில் அதே வசவு, அதன் வாலில் என் தாத்தா. ஒரு பெயரைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டு, இன்னொன்றை நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். பெயர் எதுவானால் என்ன, கூலி வருகிறதல்லவா என்று ஊரிலிருந்து என் சித்தப்பா எழுதியிருக்கிறார். அவரையும் ஒருநாள் இந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

வந்தால் அவரும் பார்ப்பார். இருட்டு இன்னும் பிரியாத களத்தில் கிராணி அழகர்சாமி என்று கத்துவான். பெண்கள் வரிசையில் ஒருத்தி, மாமனார் எதிரே வந்துவிட்டதுபோலத் தலைப்பை இழுத்து மூடி, ஒதுங்கித் தலைகுனிவாள். அவள் தலை ஊருக்குக் குனிகிறது. அதே பெயருக்கு, இந்தத் தோட்டத்துக்காக, நான் கையைத் தூக்கி 'இருக்கேன்' என்கிறேன்.